பாலத்துக்கு அந்தப் பக்கம்

தாம்பரம் கிழக்கில், கேம்ப் ரோடு பக்கம் ஏகநாதன் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் திரிபுரசுந்தரி ஒன்பது வருஷமாக வேலை பார்த்து வந்தாள். அங்கே கார் கற்றுக்கொள்ள வரும் பெண்களில் பாதிப் பேர் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை நடுங்குகிறவர்கள், ஹாரன் சத்தம் கேட்டால் எந்தக் காலை எங்கே வைப்பதென்று மறந்துபோகிறவர்கள், ஒருமுறை எங்கோ இடித்துவிட்டுப் பத்து வருஷம் வண்டியைத் தொடாதவர்கள் எல்லோரையும் ஏகநாதன் அவள் பக்கம்தான் தள்ளிவிடுவார். அவளும் குரலை உயர்த்தாமல், கிளட்ச்சை மெதுவாக விடுங்கள், வண்டி எங்கேயும் ஓடிவிடாது என்று சொல்லிச் சொல்லியே இருபது நாளில் அவர்களை வேளச்சேரி ரோட்டில் ஓட்டவைத்துவிடுவாள். வயது முப்பத்தெட்டு. கணவன் சக்திவேலுக்குப் பல்லாவரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. மகள் தேவதர்ஷினி ஒன்பதாம் வகுப்பு. வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில்.

அது அவளுக்கு முதன்முதலில் வந்தது ஒரு ஜூன் மாத மத்தியானத்தில். சர்வீஸுக்கு விட்டிருந்த ஸ்கூல் காரைப் போரூரில் எடுத்துக்கொண்டு பைபாஸில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். வயிறாரச் சாப்பிட்டிருந்தாள், முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தாள், மனதில் ஒரு கவலையும் இல்லை. தூரத்தில் திருநீர்மலைக் குன்று தெரிந்த இடத்தில், காரணமே இல்லாமல் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போட்டது. பிறகு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. மூச்சை இழுத்தால் பாதியிலேயே நின்றது. கண்ணாடிக்கு வெளியே இருந்த ரோடு நிஜமாக இல்லாததுபோல் தோன்றியது. செத்துக்கொண்டிருக்கிறோம் என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி. நினைத்த இடத்தில் இறங்க முடியாத ரோடு. எப்படியோ ஓரம்கட்டி நிறுத்தி, சக்திவேலுக்குப் போன் செய்து, தனக்கு ஹார்ட் அட்டாக் வந்துவிட்டதென்று சொன்னாள்.

அவன் பைக்கில் பறந்து வந்து சேர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் அடங்கிப்போய், நனைந்த துணிபோல் சீட்டில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நார்மல் என்றார்கள். வாயுத் தொல்லையாக இருக்கும், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தது. அந்த முறை குரோம்பேட்டை சிக்னலில். அதற்கடுத்து ஒரு துணிக்கடை லிஃப்டில். எக்கோ எடுத்தாள், டிரெட்மில் டெஸ்ட் செய்தாள், தைராய்டு பார்த்தாள். எல்லாம் நார்மல். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது ஒரு நிம்மதி வரும். இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள், டெஸ்டில் அகப்படாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறதென்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

அவள் பைபாஸை விட்டாள். பிறகு ஜி.எஸ்.டி. ரோடு என்னும் பெரிய நெடுஞ்சாலையை விட்டாள். ஆறு மாதத்தில் தாம்பரம் மேம்பாலத்தில் ஏறி ரயில் பாதையைத் தாண்டி மேற்குப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் தெருக்கள் போதும் என்று வைத்துக்கொண்டாள். பாடம் சொல்லிக்கொடுக்கப் போகும்போதுகூட, எந்தத் தெருவில் கிளினிக் இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் மெடிக்கல் ஷாப் இருக்கிறது என்று பார்த்துத்தான் வழியை முடிவு செய்தாள். கைப்பையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில், கொரோனா காலத்தில் வாங்கிய விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், முழு சார்ஜில் போன். மாணவியைப் பாலம் தாண்டி லைசென்ஸ் டெஸ்டுக்கு அழைத்துப்போகிற நாளில் வயிற்றுவலி என்று சொல்லிவிடுவாள். ஏகநாதன் முணுமுணுத்துக்கொண்டே தானே கூட்டிப்போவார்.

வீட்டில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால், சக்திவேல் போல் தாங்கியவர்கள் குறைவு. மேற்குத் தாம்பரம் போகவேண்டிய வேலை எல்லாவற்றையும் அவனே எடுத்துக்கொண்டான். தேவதர்ஷினியின் பள்ளிக் கூட்டத்துக்கு அவன்தான் போனான். அவள் எப்போது கூப்பிட்டாலும், கம்பெனியில் மீட்டிங்கில் இருந்தாலும், இரண்டாவது ரிங்கில் எடுத்துவிடுவான். சில நாள் பன்னிரண்டு முறைகூடக் கூப்பிடுவாள். "ஒன்னும் இல்லடி, நான் இருக்கேன்" என்பான். அந்தக் குரலைக் கேட்டால் நெஞ்சு தணியும். அதனால் அடுத்த முறையும் கூப்பிடுவாள்.

அந்த நேரத்தில்தான் அகரம்தென்னிலிருந்து பச்சையம்மா கார் கற்றுக்கொள்ள வந்தாள். ஐம்பத்தேழு வயது. அந்த ஊரின் பழைய நிலக்காரக் குடும்பம். வயல்கள் மனைகளாகி, மனைகள் வாடகை வீடுகளாகியிருந்தன. வீட்டில் இரண்டு கார் நின்றது. ஆனால் கேளம்பாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கூட்டிப்போ என்று பையனிடம் கேட்டால், அவன் நாளைக்கு என்பான். அந்த நாளை வருவதேயில்லை. ஆறு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் நேராக டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து பணம் கட்டிவிட்டாள். ஏகநாதன் அவள் வயதைக் கேட்டுத் தயங்கினார். வண்டிக்கு என் வயசு தெரியுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

பச்சையம்மா வேகமாகக் கற்றாள் என்று சொல்ல முடியாது. ரிவர்ஸ் எடுக்கும்போது மூன்று முறை ஒரே குப்பைத்தொட்டியை இடித்தாள். ஆனால் பயப்படவில்லை. பதினைந்தாவது வகுப்பிலிருந்து, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு எப்போது போகலாம் என்று நச்சரிக்க ஆரம்பித்தாள். சுந்தரி இன்றைக்கு டிராஃபிக், இன்றைக்கு மழை வரும்போல் இருக்கிறது என்று ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

அன்று காலை பத்து மணி. வேளச்சேரி ரோட்டிலிருந்து அவர்கள் வழக்கமாகத் திரும்பும் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டு, குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். நின்று யோசிக்க இடமில்லை. பின்னால் வண்டிகள் நெருக்கின. பச்சையம்மா நேராக விட்டாள். அடுத்து எதிரே வந்தது மேம்பாலம்.

பாலத்தில் ஏறும்போதே சுந்தரிக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கீழே தண்டவாளங்கள் தெரிந்தன. கை மரத்தது. கைப்பையில் ஆக்ஸிமீட்டரைத் தேடினாள், கைக்குக் கிடைக்கவில்லை. நிறுத்து, நிறுத்து என்று உடம்பு முழுதும் ஒரு குரல். பயிற்றுநர் பக்கம் அவள் காலடியில் ஒரு பிரேக் இருந்தது. பாலத்தின் நடுவில், முன்னால் எந்த வண்டியும் இல்லாதபோது, அவள் அதை முழு பலத்தோடு மிதித்தாள்.

கார் குலுங்கி நின்று அணைந்தது. பின்னால் வந்த மாநகரப் பேருந்து கிறீச்சிட்டு, அரை அடி இடைவெளியில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். பச்சையம்மா திரும்பிப் பார்த்தாள். சுந்தரியின் முகம் வெளுத்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாமா ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

சுந்தரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பச்சையம்மாவின் கணவர் நெஞ்சுவலியில் போனவர். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சாவியைத் திருகினாள், ஃபர்ஸ்ட் கியர் போட்டாள், கிளட்ச்சை விட்டாள். இதுவரை பாலத்தைத் தாண்டியே ஓட்டியிராதவள், பாலத்திலிருந்து இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டின் அந்தக் கூட்டத்தில் புகுந்து, ஹாரனை அழுத்திப் பிடித்தபடி முதல் பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். நிறுத்தும்போது ஒரு பூச்செட்டி விழுந்தது.

அங்கே அவசரப் பிரிவில் இருந்த இளம் பெண் டாக்டர் ஈசிஜியைப் பார்த்தாள். சுந்தரியின் பையில் மடித்து வைத்திருந்த பழைய ரிப்போர்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் இருக்கிறது, எப்போதெல்லாம் வருகிறது, வருமோ என்று பயந்து எந்தெந்த இடத்துக்குப் போவதை விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். கடைசிக் கேள்வியை அதுவரை யாரும் சுந்தரியிடம் கேட்டதில்லை. அவள் சொல்லச் சொல்ல, பட்டியல் அவளுக்கே நீளமாகத் தெரிந்தது.

இருதயம் நன்றாக இருக்கிறது, இதற்குப் பேனிக் டிஸார்டர் என்று பெயர், பதற்ற நோய்களில் ஒன்று, குணப்படுத்தக்கூடியது, மனநல டாக்டரைப் பாருங்கள் என்று அந்த டாக்டர் சொன்னாள். சுந்தரிக்கு மூக்கு விடைத்தது. தனக்கு வந்ததெல்லாம் நடிப்பா, தான் பைத்தியமா என்று கேட்டாள். நடிப்பில் நாடி நூற்று நாற்பது போகாது என்றாள் டாக்டர். "உங்களுக்கு வர்றது நிஜம். ஆனா அது ஹார்ட்ல இருந்து வரல."

அன்று சாயங்காலம் அவள் ஏகநாதனிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, இனி வண்டியில் உட்கார மாட்டேன் என்றாள். பேருந்து நின்ற அந்த அரை அடி அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. ஏகநாதன் நல்லவர், ஆனால் தொழில் செய்கிறவர். வேலையை விட வேண்டாம், டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஆபீஸில் உட்கார்ந்து அட்மிஷனைப் பார்த்துக்கொள், ஆனால் விஷயத்தை வெளியே சொல்லாதே என்றார். பயத்தைப் போக்குகிற டீச்சருக்கே பயம் என்று ஊருக்குத் தெரிந்தால் யார் வருவார்கள் என்று கேட்டார். அந்த வார்த்தை அவளைப் பாலத்தில் நடந்ததைவிட அதிகமாகச் சுட்டது.

மனநல டாக்டரிடம் போக ஒரு மாதம் தயங்கினாள். கடைசியில் தேவதர்ஷினிதான் அதை முடித்துவைத்தாள். பள்ளி ஆண்டு விழாவில் தான் பேசப்போவதாகவும், விழா மேற்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் என்றும் சொன்னவள், அம்மா வருவாளா என்று கேட்கவே இல்லை. அப்பா, நீங்க வந்து வீடியோ எடுத்து அம்மாகிட்ட காட்டிடுங்க என்று இயல்பாகச் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தாள். மகள் கோபப்பட்டிருந்தால் சுந்தரி தாங்கியிருப்பாள். எதிர்பார்க்கவே இல்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மறுநாளே சேலையூரில் ஒரு கிளினிக்கில் பெயர் பதிந்தாள்.

அங்கே டாக்டர் தினமும் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், முதல் சில நாள் படபடப்பு கூடுவதுபோல் இருக்கலாம், என்னைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்றார். அதோடு, அதே கிளினிக்கில் இருந்த மனநல ஆலோசகர் தபீதாளிடம் வாரம் ஒருநாள் வரச்சொன்னார்.

தபீதாளுக்குச் சுந்தரியின் வயதுதான் இருக்கும். நீலாங்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். ஆபத்து வந்தால் ஓடவோ சண்டைபோடவோ உடம்பு தயாராகிறது, அதற்காகத்தான் இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு கூடுகிறது, மூச்சு அதிகமாவதால்தான் விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். சுந்தரிக்கு அந்த ஏற்பாடு ஆபத்தே இல்லாத நேரத்தில் கிளம்பிவிடுகிறது. கிளம்பியதைப் பார்த்து அவள் பயப்பட, அந்தப் பயம் அதை இன்னும் ஏற்றிவிடுகிறது. பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"இது வந்தப்பல்லாம் எப்படி நின்னுச்சு?"

தண்ணீர் குடித்தபோது, வண்டியை விட்டு இறங்கியபோது, சக்திவேலிடம் பேசியபோது என்று சுந்தரி சொன்னாள்.

"அது எதுவுமே செய்யாம, சும்மா விட்டுப் பாத்திருக்கீங்களா?"

ஒருமுறைகூட விட்டுப் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியைச் சுந்தரி வீட்டுக்கு எடுத்துப்போனாள். பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது, ஸ்கூலில் முன்பு வேலை பார்த்த ஒருவர் அவள் நினைவுக்கு வந்தார். அவர் மாணவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் தடுமாறும் முன்னமே தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிடுவார். அவரிடம் மூன்று மாதம் கற்றவர்களுக்கும் வண்டி வராது. மிதிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரிவதே இல்லை. இவ்வளவு காலமும் தனக்குத் தானே அந்த மனிதராக இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வாரம் தபீதாளிடம் சொன்னாள். இதை நான் மற்றவர்களுக்கும் சொல்லலாமா என்று கேட்டு அவள் குறித்துக்கொண்டாள்.

அதன்பின் வேலை ஆரம்பித்தது. பயந்த அந்த உணர்ச்சிகளை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும் என்றாள் தபீதாள். மாடிப்படியில் மூச்சு வாங்கும்வரை ஏறி இறங்குவது, ஜூஸ் உறிஞ்சும் குழாய் வழியாக ஒரு நிமிஷம் மூச்சு விடுவது, நாற்காலியில் தலை சுற்றும்வரை சுற்றுவது. நாற்காலிக்குச் சக்திவேல் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், யாரோ கழித்துப்போட்ட ஆபீஸ் சுழல் நாற்காலி ஒன்றை வாங்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். தினமும் சாயங்காலம் சுந்தரி அதில் சுற்றுவாள். தேவதர்ஷினி போனில் நேரம் பார்ப்பாள். முதல் வாரம் சுற்றி முடித்ததும் சுந்தரி அழுதுவிட்டாள். மூன்றாம் வாரம், அடிக்கும் நெஞ்சோடு எழுந்துபோய்க் குக்கரை இறக்கினாள்.

தபீதாள் சக்திவேலையும் ஒருநாள் வரச்சொன்னாள். அவன் அன்பில் குறையில்லை, ஆனால் அவன் ஓடி ஓடி வருவதால் தான் தனியாகச் சமாளிக்க முடியாது என்றே சுந்தரியின் மனம் படித்துக்கொள்கிறது என்றாள். இனி அவள் பயத்தில் கூப்பிட்டால், சாயங்காலம் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அவனுக்கு அது பெரிய கஷ்டமாக இருந்தது. முதல்முறை அப்படிச் சொல்லிப் போனை வைத்தவன், கம்பெனிப் படிக்கட்டில் பத்து நிமிஷம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தானாம். ராத்திரி அவளிடம் சொன்னபோது, நானும் இங்கே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் அது தானாக இறங்கிவிட்டது என்றாள்.

போகப் பயந்த இடங்களை எளிதிலிருந்து கடினம்வரை வரிசையாக எழுதினார்கள். முதலில் மேம்பாலத்தில் நடந்து போவது. பிறகு பஸ்ஸில். பிறகு சக்திவேல் ஓட்டும் காரில். பிறகு அவன் பக்கத்தில் இருக்க அவளே ஓட்டுவது. கடைசி வரியில் பைபாஸ், தனியாக. ஒவ்வொரு இடத்திலும் பாட்டிலும் ஆக்ஸிமீட்டரும் இல்லாமல் போக வேண்டும். பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. பாலத்தில் நடந்தாயிற்று, பஸ்ஸிலும் நான்கு முறை போயாயிற்று. ஐந்தாம் முறை குரோம்பேட்டையில் பாதியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். எல்லாம் வீண் என்று இரண்டு நாள் படுத்துக்கிடந்தாள். மூன்றாம் நாள் தபீதாள் அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. எந்த நிறுத்தத்தில் இறங்கினீர்கள் என்று கேட்டு, நாளைக்கு அதற்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்குங்கள் என்றாள். இறங்கினாள். ஆண்டு விழாவுக்கு மண்டபத்தின் நடுவரிசையில், கதவிலிருந்து தள்ளி உட்கார்ந்தாள். மகள் மேடையில் பேசி முடிப்பதற்குள் இரண்டு முறை நெஞ்சு தூக்கிப்போட்டது. இரண்டு முறையும் அவள் எழுந்திருக்கவில்லை. மேடையிலிருந்து தேவதர்ஷினி அம்மாவைக் கண்டுபிடித்தபோது, பேச வேண்டிய அடுத்த வரியை ஒரு நொடி மறந்தே போனாள்.

நான்காவது மாதம், சுந்தரி மறுபடியும் கற்றுக்கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். ஆபீஸ் வாசலில் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். இடையில் ஏகநாதன் கூட்டிப்போய் அவளுக்கு லைசென்ஸ் வாங்கித் தந்திருந்தார். ஆனால் அவர் கத்துகிறார், கத்தினால் எனக்குக் கியர் மறந்துபோகிறது, கேளம்பாக்கம் ரோட்டைச் சுந்தரியோடுதான் பழகுவேன் என்று காத்திருந்தாள்.

சுந்தரி அவளிடம் முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நோயின் பெயர், மாத்திரை, நாற்காலி, எல்லாவற்றையும். ஏகநாதன் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமினார். சுந்தரி நிறுத்தவில்லை.

பச்சையம்மா முழுவதையும் கேட்டாள். "அப்போ அன்னிக்கி ஹார்ட்டு இல்லியா? நான் வேற அந்த ஆஸ்பத்திரிக்காரன் பூச்செட்டிய ஒடச்சிட்டு வந்துகினேன்" என்றாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேம்பாலம் ஏறி, ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர்வரை ஒன்றும் ஆகவில்லை. கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பி, காட்டை ஒட்டிய இடத்தில், கடையோ கிளினிக்கோ கண்ணில் படாத நேரத்தில் அது வந்தது. விரல் மரத்தது. வலது கால் தானாகப் பிரேக்கின் மேல் போய் நின்றது.

"பச்சையம்மாக்கா, எனக்கு இப்ப வருது" என்றாள் சுந்தரி. "நீங்க ஓட்டிட்டே இருங்க. நிறுத்த வேணாம்."

"எனுக்கும் கையெல்லாம் வேர்வதான்" என்றாள் பச்சையம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓட்டிகினுதானே கீறேன்."

எதிரே ரோடு காலியாக இருந்தது. வண்டி நாற்பதில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சுந்தரி அதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, காலை எடுத்துத் தரைவிரிப்பின்மேல் வைத்தாள். நெஞ்சு ஏறட்டும் என்று விட்டாள். அது ஏறியது. உச்சிக்குப் போனதுபோல் இருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. கொளப்பாக்கம் தாண்டும்போது இறங்க ஆரம்பித்தது. கண்டிகையில் பச்சையம்மா ஒரு லாரியை முந்தப் பார்த்தபோது சுந்தரி தன் பழைய குரலில், வேண்டாம், முதலில் கண்ணாடியைப் பாருங்கள் என்றாள். அப்போதுதான் அது முழுவதும் போய்விட்டதைக் கவனித்தாள்.

கேளம்பாக்கத்தில் மகளின் அடுக்குமாடிக் குடியிருப்பில் டிரைவிங் ஸ்கூல் போர்டு வைத்த காரை வாட்ச்மேன் உள்ளே விட மறுத்தான். பச்சையம்மா இறங்கிப்போய், இது என் பொண்ணு வூடு, நானே ஓட்டிகினு வந்தேன் என்றாள். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்த மகள், செருப்புகூட இல்லாமல் கீழே ஓடிவந்தாள். மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் இருவரும் திரும்பினார்கள்.

அடுத்த புதன்கிழமை சுந்தரி பைபாஸுக்குப் போனாள். வகுப்பு இல்லாத மத்தியானம். போனை அணைத்து டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தாள். இரும்புலியூரில் ஏறியதும் நெஞ்சு அடித்தது. பழக்கமான அடிதான். வருவதாக இருந்தால் இப்போதே வா என்று சத்தமாகவே சொன்னாள். குன்று தெரிந்த இடத்தில் அது தன் முழு பலத்தோடு வந்தது. கை மரத்தது, தொண்டை அடைத்தது, நீ செத்துப்போவாய் என்ற அதே பழைய வாக்கியமும் வந்தது. அந்த வாக்கியத்தை இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஒருமுறைகூட அது உண்மையாகவில்லை. ஓரம்கட்டவில்லை. இடது தடத்திலேயே, அறுபதிலேயே போனாள். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினாள். இரண்டு லாரிகள் அவளைத் தாண்டிப் போயின. மூன்றாவது லாரியைத் தாண்டி அவள் போனாள்.

போரூர் வந்தபோது சட்டை முதுகு நனைந்திருந்தது. நெஞ்சு சாதாரணமாக இருந்தது. பட்டியலின் கடைசி வரி அங்கே முடிந்தது. அங்கே இறங்கித் திரும்ப வேண்டும் என்பதுதான் தபீதாளோடு போட்ட திட்டம். இடப்பக்கம் இறங்கும் வழி வந்தது. சுந்தரி இண்டிகேட்டர் போடவில்லை. நேராக விட்டாள்.

மதுரவாயல் வந்தது, போனது. அம்பத்தூர்வரை போனாள். அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது, ஒரு வேலையும் இல்லை. எஸ்டேட் பக்கம் இறங்கி, மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் மொய்த்த ஒரு கடையில் நின்று, சுடச்சுட இரண்டு மெதுவடையும் டீயும் சாப்பிட்டாள். கடைக்காரர், புதுசா வந்திருக்கீங்களாம்மா, எந்தக் கம்பெனி என்று கேட்டார். கம்பெனி இல்லை, சும்மா வந்தேன் என்றாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சிரித்தும் விட்டாள். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரித்தார்.

அதற்குப் பிறகும் அது அவளுக்கு வராமலில்லை. மழைக்காலத்தில் இரண்டு முறை வந்தது, ஒருமுறை தூக்கத்திலிருந்து எழுப்பியது. மாத்திரையை டாக்டர் சொன்ன காலம்வரை சாப்பிட்டாள். ஆனால் அது வந்தால் எங்கே ஓடுவது என்று அவள் வழியைப் பார்ப்பதில்லை. ஏகநாதன் பயந்தபடியும் நடக்கவில்லை. பச்சையம்மா அகரம்தென் முழுக்கச் சொல்லிவிட்டதில், லைசென்ஸ் வாங்கியும் வண்டியைத் தொடாத பெண்கள் பதினோரு பேர் ஒரே மாதத்தில் வந்து, பயம் வந்தும் ஓட்டுகிற அந்த மேடத்திடம்தான் சேர வேண்டும் என்றார்கள். ஏகநாதன் சனிக்கிழமைக் காலைகளில் ஹைவே வகுப்பு என்று தனியாக ஒன்று வைத்து, வாசலில் போர்டு மாட்டினார்.

அம்பத்தூர் போன அந்தப் புதன்கிழமை அவள் வீடு திரும்பும்போது மணி ஆறு ஆகியிருந்தது. சக்திவேல் வாசலிலேயே நின்றான். அவளைப் போனில் கூப்பிடக் கூடாது என்று கிளம்பும் முன் போட்ட ஒப்பந்தத்தை மூன்று மணி நேரம் காப்பாற்றிக் களைத்துப்போயிருந்தான். போரூர் போய்வர இவ்வளவு நேரமா என்று கேட்டான்.

"போரூரோட நிறுத்தல" என்றாள் சுந்தரி. பையிலிருந்து எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள். "வடை. அம்பத்தூர்ல வாங்கினேன். ஆறிடுச்சு, சாப்பிடுங்க."